கேள்விக்குறியா கறையா

அட்டை எண் நாலாயிரத்துப் பன்னிரண்டு.
பர்ன. பெயர்ச்சொல். பொருள்: வீடு.
மொழி, லூவியம்.
துருக்கி மண்ணில் அதைப் பேசி முடித்து
இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேலாகிறது.
காரைக்குடியில் நான் அதைத் தட்டச்சு செய்கிறேன்,
அட்டைக்கு இரண்டு ரூபாய் பத்துக் காசு.

அலுவலகம் ஒரு பெரிய வீட்டின் இரண்டாங்கட்டு.
முகப்பு பூட்டிக் கிடக்கிறது,
எங்களுக்குப் பின்வாசல்.
நெல் கொட்டிய அறையில் சர்வர்.
அதற்கு மட்டும் ஏசி.

அட்டை வந்த அன்று வயிரவன் சார் எட்டிப் பார்த்தார்.
"பர்ணசாலை! பாத்தியா ஜெஸிந்தா, நம்ம வார்த்தை."
மூன்று நாள் அலுவலகமே அந்தப் பெருமையில் இருந்தது,
டீயில்கூடச் சர்க்கரை தூக்கல்.
நான்தான் கெடுத்தேன்.
அந்தப் பர்ணம் இலை சார், வடமொழி.
இதில் இலை இல்லை,
கல்லும் மண்ணும்தான்.
ஓசை ஒத்துப்போனால் பங்காளியா?
ஒரே இனிஷியல் என்று
சொத்தில் பங்கு கேட்க முடியுமா?

அவர் சிரிக்கவில்லை.
இந்த வீட்டில் அவருக்கு
நாற்பத்தெட்டில் ஒன்று.

அட்டையின் கீழ்ப்பாதி பென்சில் எழுத்து.
ஹிட்டைட்டில் பெர்.
லிசியத்தில், பாறை குடைந்த கல்லறை வாசல்களில்,
சொல் வளர்ந்து வினையாகிவிட்டது:
இந்தக் கட்டடத்தை இன்னார் கட்டினான்
மனைவிக்கும் மக்களுக்கும்.
கட்டியது குடியிருக்க அல்ல,
அல்லது குடியிருக்கத்தான்.
எகிப்தில் வீட்டுக்கு ப்ர் என்றார்களாம்,
ஹுர்ரியர் புர்லி என்றார்களாம்.
யார் யாரிடம் வாங்கினார்கள்?
வாங்காமலே ஒத்துப்போனதா?

கடைசி வரி: ஹுர்ரியரிடம் இரவல்.
அதன் பக்கத்தில்
வளைந்து ஒரு கீற்று, அடியில் ஒரு பொட்டு.

கேள்விக்குறியா,
ஈ எச்சமா?
பெரிதாக்கினேன்,
சதுரம் சதுரமாக உடைந்தது.
குறி என்றால் அவருக்குச் சந்தேகம் இருந்தது.
கறை என்றால் தீர்ப்பு எழுதிவிட்டுக் காபி குடித்திருக்கிறார்.

கேட்டு அனுப்பினேன். பதில் வந்தது:
எழுதியவர் இறந்துவிட்டார்,
மூல அட்டைகள் நிலவறையில் வெள்ளத்தில் போயின,
உங்களுக்குச் சரியென்று படுவதைப் போடுங்கள்.

எனக்குச் சரியென்று படுவது.
லூவியர் எழுத்து உழவு மாடு மாதிரி போகும்,
ஒரு வரி இப்படி, சால் திரும்பி
அடுத்த வரி அப்படி.
நானும் அந்த ஒற்றை வரியில்
முன்னும் பின்னும் நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை நகராட்சியிலிருந்து செந்தூர்பாண்டி வந்தார்,
சொத்துவரி பாக்கி.
உரிமையாளர் பெயர் என்றார்.
வயிரவன் சார் விரல் மடக்கத் தொடங்கினார்.
கோலாலம்பூரில் ஏழு புள்ளி.
சென்னையில் இருபத்தொன்று.
சிகாகோவில் ஒன்று, விவாகரத்து நடக்கிறது,
கல்யாணம் ஆனால்தானே ஒரு புள்ளி,
பிரிந்தால் அதை என்னவென்று எழுதுவது?
மிச்சத்தில் மூன்று பேர்
இருக்கிறார்களா என்றே தெரியாது.

செந்தூர்பாண்டி பேனாவை உதறினார்.
படிவத்தில் அந்தக் கட்டம் சின்னதாக, சதுரமாக,
லூவியர் வீட்டுக்குப் போட்ட சித்திரம் மாதிரியே இருந்தது.
அதற்குள் ஒரு கொக்கி வளைத்தார்.
அடியில் குத்தினார்
ஒரு புள்ளி.

என் அட்டையில் இருந்த அதே சாய்வு.

நம் வீடு மட்டும் என்ன,
விடு என்பதிலிருந்து வந்ததாம்.
விட்டுப் போவதா, விட்டு வைப்பதா, விடுபடுவதா,
அதற்கும் யாராவது அட்டை போட்டால்
பென்சிலில் எழுதட்டும்.

கேள்விக்குறி தட்டினேன்.
ஷிஃப்டோடு சேர்த்து இரண்டு விசை.
நிறுத்தக்குறிக்குக் கூலி கிடையாது.

ஐந்தரைக்கு எல்லோரும் போனார்கள்.
பங்கு எதுவும் இல்லாத நான்
பின்வாசலைப் பூட்டி, இழுத்துப் பார்த்து,
சாவியைப் பையில் போட்டுக்கொண்டு
தேவகோட்டை பஸ்ஸுக்கு நடந்தேன்.